சின்னப் பையன்தானே

“விடுங்கம்மா, சின்னப் பையன்தானே.”

நான் சொன்னது இவ்வளவுதான். கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில், மூடி கழற்றிய சிபியு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. எனக்காக செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

கேட்பவர்களுக்கு நான் அவனுக்காகப் பரிந்து பேசியது போலத்தான் இருக்கும். ஆனால் ஒருவனை மன்னிக்கச் சொன்னால் அவன் தப்பு செய்தான் என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடுகிறது. தப்பு என்னுடையது. அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே அது எனக்குத் தெரியும்.

மூன்று நாள் முன்பு போன் வந்தது. “டிவிடி டிரைவ் காட்டவே மாட்டேங்குது தம்பி.” வீட்டுக்காரருக்கு முதுகில் வலி, கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ஃபிலிமோடு ஒரு சிடியும் கொடுத்தார்களாம். சென்னையில் இருக்கும் மகள் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்ட வேண்டும், சிடியில் இருப்பதை அனுப்புங்கள் என்றிருக்கிறாள். சிடியைப் போட்டால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியவில்லை.

போனைப் பேரனிடம் கொடுக்கச் சொன்னேன். தட்டு வெளியே வருதா? வருதுண்ணா. லைட் எரியுதா? எரியுதுண்ணா. சிடி சுத்தற சத்தம்? கேக்குதுண்ணா. அப்போ டிரைவ் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸ்லதான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

சாட்டா என்கிற இந்த வகை டிரைவுக்குப் பின்னால் இரண்டு சொருகு இடங்கள். 15 முனை கொண்டது கரண்டுக்கு, 7 முனை கொண்டது டேட்டாவுக்கு. கரண்ட் கேபிள் மட்டும் இருந்தாலே போதும், தட்டு வரும், லைட் எரியும், உள்ளே டிஸ்க் கொஞ்ச நேரம் சுற்றியும் பார்க்கும். கரண்ட் வருகிறது என்பதற்கு மேல் இதில் எதுவும் நிரூபணம் ஆகாது. கடைக்கு வேலை பழக வரும் பசங்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் இது.

அடுத்து, கம்ப்யூட்டரில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். வழக்கமான கோளாறாக இருந்தால் அங்கே டிரைவின் பெயர் இருக்கும், பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கும், உள்ளே போனால் கோட் 19 என்றோ 39 என்றோ காட்டும். சிடியில் பதிவு செய்யும் சாஃப்ட்வேரோ ஐடியூன்ஸோ, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளால் வருவது. இரண்டையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணினால் பெரும்பாலும் டிரைவ் திரும்பி வந்துவிடும்.

“டிவிடின்னு ஒரு வரியே இல்லண்ணா” என்றான் பையன்.

வரியே இல்லை என்றால் விண்டோஸ் வரைக்கும் டிரைவ் வந்து சேரவே இல்லை. விண்டோஸுக்கு முன்னாலேயே ஓடும் பயாஸில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் கேபிள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் நான் ரெஜிஸ்ட்ரிக்கே போனேன்: “சரி, ரெஜ்எடிட் திற.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இதே வேலையைப் போனிலேயே பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்திருந்தேன். அந்த மிதப்பு ஒரு காரணம். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது, குன்னூரிலிருந்து பைக்கில் போக வேண்டும். போனில் முடிந்தால் நல்லது என்று மனசு முதலிலேயே தீர்மானித்திருக்கும். அதற்குப் பிறகு பையன் சொன்ன பதில் எதுவும் காதில் ஏறவில்லை.

ரெஜிஸ்ட்ரிக்குள் 4டி36இ965 என்று தொடங்கும் நீளமான பெயரில் ஒரு கீ. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். அதில் அப்பர்ஃபில்டர்ஸ் மட்டும் இருந்தது. “பேக்கப் எடுக்க வேண்டாமாண்ணா?” என்று கேட்டான். ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பையன். “அதெல்லாம் வேண்டாம், அழி” என்றேன். அழித்தான். ரீஸ்டார்ட் ஆனது. டிரைவ் வரவில்லை. பின்னால் நின்று பாட்டி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: பையன் எதையோ அழித்தான், அதற்குப் பிறகும் டிரைவ் வேலை செய்யவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டதும் கிளம்பினேன். கட்டபெட்டு தாண்டும்போது, எதிரே வருகிற வண்டியின் மஞ்சள் விளக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு மூடுபனி. அங்கேதான் சட்டென்று ஞாபகம் வந்தது. கோடையில் அதே வீட்டில் எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் போட்டுக் கொடுத்தது நான்தான். பழைய ஹார்டு டிஸ்க்கையும் ஃபைல்களுக்காக அப்படியே வைத்துக்கொண்டோம். எஸ்எஸ்டி டப்பாவில் கேபிள் வராது, பையிலும் வேறு கேபிள் இல்லை, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் கரண்ட் முனை ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. டேட்டா கேபிள்தான் வேண்டும். டிவிடி டிரைவிலிருந்து உருவி எஸ்எஸ்டிக்குப் போட்டேன். அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது ஒன்று கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஐம்பது ரூபாய் பெறுமா அந்த கேபிள்?

எங்கள் தொழிலில் இதை நிறையப் பேர் செய்கிறோம். அது இங்கே சமாதானம் ஆகாது, ஆனாலும் உண்மை.

அப்போது அந்த அம்மாவிடம் சொன்னேனா? “சிடி எல்லாம் இப்பப் போடறீங்களாம்மா?” என்று நான் கேட்டதும், “எங்க தம்பி, எல்லாம் போன்லயே பாத்துடறோம்” என்று அவர் சொன்னதும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அது இந்த வீட்டில்தானா என்பதுதான் தெரியவில்லை. நான் எல்லா வீட்டிலும் அதைக் கேட்கிறேன், எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். இந்த வீட்டில்தான் என்றே வைத்துக்கொண்டாலும், போடறீங்களா என்று கேட்பது வேறு, பிடுங்கிவிட்டேன் என்று சொல்வது வேறு.

ஆக, வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே எனக்குக் கோளாறு தெரியும். பையில் புது கேபிள் இருந்தது. சொல்ல ஒரு பொய்யும் தயாராக இருந்தது. “ஈரத்துல கேபிள் லூசாயிடும்மா.” மலையில் வேலை பார்ப்பவனுக்கு மூடுபனி ஒரு வசதி. எது கெட்டாலும் அதன் தலையில் போடலாம், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். கேமரா லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிடும் என்று அலமாரிக்குள் பல்பு எரியவிட்டு வைக்கிற ஊர் இது. டிவிடி டிரைவின் லென்ஸிலும் ஈரம் படியத்தான் செய்யும், கேபிள் முனை கறுக்கத்தான் செய்யும். அதனால் அது முழுப் பொய்கூட இல்லை. அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

மூடியைக் கழற்றினேன். பையன் டார்ச்சைக் குனிந்து பிடித்தான். டிரைவுக்குப் பின்னால் கரண்ட் கேபிள் மட்டும் இருந்தது, பக்கத்தில் காலி சாக்கெட். மதர்போர்டிலிருந்து சிவப்பு கேபிள் ஒன்று வளைந்து எஸ்எஸ்டிக்குப் போயிற்று. அவன் டார்ச் வெளிச்சம் அந்தச் சிவப்பு கேபிளின் மேலேயே மெல்ல நகர்ந்து எஸ்எஸ்டி வரைக்கும் போய், திரும்பக் காலி சாக்கெட்டுக்கு வந்து நின்றது.

“அண்ணா, இது முன்னாடி இங்கதான இருந்திருக்கும்?”

“லைட்டைக் கொஞ்சம் கிட்டப் பிடி” என்றேன்.

அப்போதுதான் பாட்டி டீயோடு வந்தார். “என்ன தம்பி ஆச்சு? இவன்தான் அன்னிக்கு உள்ள போய் என்னமோ அழிச்சான். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“அண்ணாதான் போன்ல சொன்னாங்க” என்று பையன் சொன்னான். சன்னமாகத்தான் சொன்னான். சிபியு ஃபேன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று இன்றைக்கு எழுதிவிடலாம். ஆனால் கரண்டைப் பிடுங்கி வைத்திருந்தேன், சத்தமே இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

கேபிள் மாட்டினேன், பயாஸில் பெயர் வந்தது, விண்டோஸிலும் வந்தது. சிடியைப் போட்டதும் கொஞ்சம் திணறிவிட்டுப் படங்கள் திறந்தன. சாம்பல் நிறத்தில் முதுகெலும்பு அடுக்கடுக்காக. அந்த அம்மா கிட்டே வந்து திரையை விரலால் தொட்டு, “இதுதான் அவரு முதுகா?” என்றார். உள் அறையிலிருந்து “வந்துடுச்சா?” என்று பெரியவர் குரல். எல்லாவற்றையும் காப்பி பண்ணி மகளுக்கு அனுப்புகிற வரைக்கும் இருந்தேன். முந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். கேபிளுக்கு மட்டும் போதும் என்று நூறு வாங்கிக்கொண்டேன். “உங்கள மாதிரி யாரு தம்பி இருக்காங்க” என்றார். நூறையும் வாங்காமல் வந்திருந்தால் இன்னும் அதிகமாகப் பாராட்டியிருப்பார். அதனால்தான் வாங்கினேன் என்று ஒருநாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். நம்பும்படி இல்லை.

பையனை யாரும் அடிக்கவில்லை, பெரிதாகத் திட்டக்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் வீட்டில் மறந்திருப்பார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பார், அந்த ஆளும் எங்காவது கேபிளைப் பிடுங்கியிருப்பான். இப்படி எவ்வளவோ சொல்லிக்கொள்ளலாம். அந்த டார்ச் வெளிச்சம் போய்த் திரும்பி வந்ததற்கு மட்டும் எதுவும் சொல்ல வரவில்லை.

இப்போதெல்லாம் டிரைவிலிருந்து கேபிள் எடுத்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுத ஆசை. போன மாதம் ஒரு வீட்டில் கேட்காமலே எடுத்தேன். அங்கே சிடி எதுவும் இருக்காது என்று தோன்றியது. பையில் அன்றைக்கு கேபிள் இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

பையன் ஒருமுறை குன்னூரில் கடைக்கு வந்தான். ஸ்கூலுக்கு ஏதோ ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வேண்டும். அவன் கொடுத்த பென் டிரைவை முன்பக்கம் சொருகினேன், காட்டவில்லை. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி சொருகினேன்.

“முன்னாடி போர்ட்டுக்கு உள்ள கேபிள் போட்டிருக்காண்ணா?” என்று கேட்டான்.

முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது. பின்பக்கம் சொருகினேன், வந்தது.

“எத்தனை காப்பி?” என்றேன்.