மீன் குழம்பை யார் வைப்பது?

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரின் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய் ஃபிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பல வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள், வயதானவர் மட்டும் இங்கே. அதற்காக நாதியற்றவர் என்று சொல்லிவிட முடியாது. கத்தோலிக்க ஊரென்றால் அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து வீடுகளின் குழு, சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டன்ட் சபையென்றால் பெண்கள் ஐக்கிய சங்கம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் சாயங்காலத்துக்குள் நாலு பேர் வந்து எட்டிப் பார்த்துவிடுவார்கள்.

ஒருவர் தன் காரியங்களைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று பார்க்க எங்கள் படிவத்தில் இரண்டு அளவுகோல்கள். 1963இல் வந்த காட்ஸ் அளவுகோல் குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது போன்ற ஆறு காரியங்களைப் பார்க்கும். 1969இல் வந்த லாட்டன் அளவுகோல் சமையல், கடை, மாத்திரை, பணக் கணக்கு, போன் என்று போகும். பெரும்பாலும் இந்த இரண்டாவதில் உள்ள காரியங்கள்தான் முதலில் கைவிட்டுப் போகும். நல்ல மனசோடு செய்கிற உதவியும் சில நேரம் அதைச் சீக்கிரமாக்கிவிடுகிறது.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு பாட்டி. அன்பியத்துப் பெண்கள் முறைவைத்துச் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் அது இல்லாமல் பாட்டி தேறியிருக்க மாட்டார். ஆனால் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகும் தூக்குச்சட்டி வந்துகொண்டே இருந்தது. "நீங்க இருங்க பாட்டி, நாங்க பாத்துக்கிடுதோம்." அடுப்படிக்குப் போக ஒரு காரணமும் இல்லாமல் போனது.

மீனை வெட்டிக் கழுவிக் கொடுங்கள், குழம்பைப் பாட்டியே வைக்கட்டும் என்றேன். "ஊரு என்ன சொல்லும்?" என்று ஒரு அக்காவுக்கு வருத்தம். நியாயமான வருத்தம்தான். அடுப்பு மேடையருகே உயரமான ஸ்டூல் ஒன்று போட்டோம். உட்கார்ந்து உள்ளி உரிப்பார், எழுந்து நின்று குழம்பைக் கிண்டுவார், மறுபடி உட்காருவார். தொடைத் தசைக்கு நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் அதுவேதான். ஆனால் பயிற்சி என்றால் "முடியல மக்களே" என்பவர், புளி கூடிவிட்டதா என்று பார்க்க மட்டும் ரெண்டு தடவை எழுந்தார்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கு, பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் வீடு தேடி வருவது படுத்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். நடக்கக்கூடியவர்கள் கோயிலுக்கே போகட்டும் என்பேன். குளித்து, சேலை மாற்றி, காணிக்கைக்குச் சில்லறை எடுத்து, மணியடிக்குமுன் கிளம்புவதற்குள் என் படிவத்தில் பாதி முடிந்துவிடும்.

போனால் படிக்கட்டில் கைப்பிடி இல்லை! கோபுரத்துக்கு இருக்கிற போட்டி கைப்பிடிக்கு இல்லை. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற ஒரு பங்குப் பேரவையில் கேட்டேன், திருவிழா முடியட்டும் என்றார்கள். சரி, முடியட்டும். குமரிக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். அடுத்ததற்கு முன்னால் போட்டுவிட்டால் நல்லது, ஈரத்தில் அந்தக் கல்படி வழுக்கும்.