கிணற்று மோட்டாருக்கு எர்த் போட்டு ஆர்சிசிபி மாட்டிய விதம்

5 எச்பி மும்முனை மோனோபிளாக் மோட்டார், டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேராக லைனில் இணைத்து ஓட்டுவது), இரும்புப் பெட்டி. ஆர்சிசிபி என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் உடனே சப்ளையை அறுக்கும் ஸ்விட்ச். முதல் வேலை குழிதான். வாய்க்கால் ஓரம் ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து, 5 மீட்டர் தள்ளித்தள்ளி இரண்டு குழி. ஒவ்வொன்றிலும் 2.5 மீட்டர் நீள 40 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கினோம். இரண்டிலிருந்தும் 8 கேஜ் ஜிஐ கம்பி தனித்தனியாக வந்து ஸ்டார்ட்டர் பெட்டியிலும் மோட்டார் பாடியிலும் சேர வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, வாஷர் வைத்து முறுக்குங்கள்.

"எர்த் இருந்தால் ஃப்யூஸ் போய்விடுமே, ஆர்சிசிபி வேறு எதற்கு?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். போகாது. கோடையில் காய்ந்த குழி 20 ஓம் தடை காட்டினால், பேஸ் கம்பி பெட்டியைத் தொடும்போது ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர்தான். மோட்டார் இழுக்கும் ஏழெட்டு ஆம்பியரையும் சேர்த்தாலும் 25 ஆம்பியர் ஃப்யூஸ் அசையாது. பெட்டியில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நிற்கும். ஈரக் கையோடு ஸ்விட்ச் போட வருகிறவருக்கு அதுவே எமன்.

அதனால்தான் 40 ஆம்பியர், 4 போல் (மூன்று பேஸ், ஒரு நியூட்ரல்), 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுக்கும் ஆர்சிசிபி. மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃப்யூஸ் கேரியரை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கை வைக்க வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடிவிடும். கன்டென்சர் இருந்தால் அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். ஆர்சிசிபியின் இடம், ஃப்யூஸுக்கு அடுத்து, ஸ்டார்ட்டருக்கு முன். மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். பல மாடல்களில் நியூட்ரல் இல்லாமல் டெஸ்ட் பட்டன் வேலை செய்யாது. எர்த் கம்பி இதற்குள் நுழையவே கூடாது.

மாட்டியதும் ஆர்சிசிபி ட்ரிப் ஆனது, அதாவது தானே அணைந்தது. கொட்டகை பல்புக்கு நியூட்ரலுக்குப் பதில் எர்த்தைக் கொடுத்திருந்தார்கள். ஊரெங்கும் உள்ள பழக்கம், மிகவும் ஆபத்தானது: எர்த் கம்பி அறுந்தால் பல்பு வழியாகப் பெட்டிக்கே கரண்ட் ஏறும். நியூட்ரலை ஆர்சிசிபிக்குப் பின்னிருந்து எடுத்துக் கொடுத்ததும் ட்ரிப் ஆவது நின்றது.

அதன் பிறகும் ட்ரிப் ஆனால் ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைக்காதீர்கள். மோட்டார் கேபிளை ஸ்டார்ட்டரில் கழற்றி 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் டேப் சுற்றிய ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும், இல்லையேல் மோட்டாரின் சுருள் (காயில்) போயிருக்கும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். கோடையில் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.