காரி பாவ்லியில் வாங்கிய வேர்

நவம்பர் 4, செவ்வாய்

இரத்த அழுத்தத்துக்கு மருந்து தந்த மூலிகையான சர்ப்பகந்தாவின் வேர் ஆய்வகத்துக்கு இம்மாதம் தேவைப்பட்டதால், காலையிலேயே டெல்லியின் மசாலா, மூலிகைச் சந்தையான காரி பாவ்லிக்குப் போய் வந்தேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு, மூட்டை சுமப்பவர்களுக்கு வழிவிட்டு ஏறிய மாடிக் கடையில், அசல் சரக்கு என்று எடுத்துக் காட்டிய துண்டுகளில் பாதி தோலுரிந்து வெளுத்திருந்தன. இந்த வேரில் மருந்தாகும் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பட்டையிலேயே இருப்பதால், பட்டை உதிர்ந்த வேரை வாங்குவது விறகு வாங்குவதற்குச் சமம். பட்டையோடு இருந்தவற்றை மட்டும் பொறுக்கி அரைக் கிலோ வாங்கினேன்.

நவம்பர் 6, வியாழன்

தென்காசியிலிருந்து வந்து எங்களிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு இன்று வேரைக் குறுக்கே சீவக் கற்றுக்கொடுத்தேன். ஊறவைத்த துண்டைச் சவர பிளேடால் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகச் சீவி, பிளோரோகுளுசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒவ்வொரு சொட்டு விட்டால், மரத்தன்மை ஏறிய செல்கள் மட்டும் சிவக்கும். அசல் சர்ப்பகந்தாவில் நடுக்கட்டைதான் சிவக்கும். பட்டையில் கல்செல்களே, அதாவது மரத்தன்மை ஏறிக் கெட்டியான செல்களே, கிடையாது. நாங்கள் பார்த்த ஏழு துண்டுகளில் நான்கில், பட்டை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் இறைந்து கிடந்தன.

"அக்கா, இது வேற செடியா?" என்றான் தம்பி. பட்டையின் வெளிப்புறத் தக்கைப் பகுதியையும் பார்க்கச் சொன்னேன். சிறிய செல்களும் பெரிய செல்களும் மாறி மாறி அடுக்கியிருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் நாட்டில் பரவிவிட்ட அதன் உறவுச் செடியின் வேரைக் கலந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பணமில்லாத நாடுகளில் மூலிகையிலிருந்து மருந்து உருவாகாததற்கு விலையுயர்ந்த கருவிகள் இல்லாததையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நான் பார்த்தவரை, அந்தக் கருவிக்குள் போகும் பொடி எந்தச் செடியுடையது என்பதே உறுதியாகாமல் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகியிருக்கிறது. இன்றைய சோதனைக்கு நுண்ணோக்கியும் பிளேடும் இரண்டு சொட்டுத் திரவமும் போதுமாக இருந்தன.

நவம்பர் 9, ஞாயிறு

கரோல் பாகில் மளிகை வாங்கிக்கொண்டு அஜ்மல் கான் சாலைப் பக்கமாகத் திரும்பியவள், 1921இல் காந்தி திறந்துவைத்த யுனானி, ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியான திப்பியா கல்லூரியின் முன் சற்று நின்றேன். யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் முயன்று உருவாக்கிய அந்தக் கல்லூரியின் ஆய்வுக் கூடத்தில்தான் 1931இல் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி சர்ப்பகந்தா வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் படிகமாகப் பிரித்து, அவற்றில் ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் சூட்டினார். இதயத்தின் மின்னோட்டத்தில் வரும் புருகாடா கோளாறைக் கண்டறிய இன்றும் அது ஊசியாகப் போடப்படுகிறது.

இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்பின் மட்டும் அந்தப் படிகங்களில் இல்லை. படிகமாகாமல் ஒதுங்கிய பிசின் போன்ற பகுதியில் அது தங்கிவிட்டது. மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளுக்கு இந்த வேரின் மாத்திரையைக் கொடுத்து, அழுத்தம் இறங்குவதை அளந்து, 1949இல் பிரிட்டன் இதழொன்றில் எழுதிய பிறகே மேல்நாட்டு மருத்துவர்கள் பரவலாகத் திரும்பிப் பார்த்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் சீபா மருந்து நிறுவனத்தார் ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். இங்கே வேதியியல் டெல்லியிலும், மருந்தியலாளர் ஆர்.என். சோப்ரா குழுவின் விலங்குச் சோதனை கல்கத்தாவிலும், நோயாளிகள் மும்பையிலுமாக வேலை சிதறிக் கிடந்தது. பேசலில் வேதியியலாளரும் விலங்குச் சோதனை செய்தவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தார்கள். அந்தச் சாலையில் நடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த ஆற்றாமை வருகிறது.

நவம்பர் 12, புதன்

சரக்கைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைக்காரர் மறுபேச்சின்றிப் பணம் தந்தார்.

வரும் வழியில் தம்பிக்குத் தூ யூயூவைப் பற்றிச் சொன்னேன். கலாச்சாரப் புரட்சிக் காலத்துச் சீனாவில், தொழிற்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் மூலிகையை ஊறவைத்து மலேரியாவுக்கு மருந்து தேடியவர். 1971 அக்டோபரில், ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் எடுத்த 191ஆம் மாதிரி எலிகளிடம் முழுப் பலன் தந்தது. சிங்ஹாவ் என்ற அந்த மூலிகைப் பெயரில் வந்த பல செடிகளில் எது சரியானது, அதில் எந்தப் பாகம், எந்தப் பருவம் என்பதையும் அவர்கள் தேடித்தான் தெளிய வேண்டியிருந்தது. தம்பி அதற்கப்புறம் மெட்ரோ வரும்வரை பேசவில்லை.

சர்ப்பகந்தாவை வேருக்காகத் தோண்டினால் செடியே போய்விடும் என்பதால், இனிக் காட்டுச் சரக்கு வேண்டாம் என்று முடிவு செய்து, பயிரிடுபவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் தோண்டுவார்கள். அதற்கு முன்பே, இலையோடும் வேரோடும் ஒரு முழுச் செடியைச் செய்தித்தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தி, எந்த வயல், எந்த நாள் என்று எழுதி அனுப்பச் சொன்னேன். "வேருக்குத்தானே காசு, இலை எதுக்கு?" என்று கேட்டார். எந்தச் செடி என்று உறுதிசெய்யத்தான் எனக் காரணத்தைச் சொன்னதும் இரண்டு செடியாகவே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.