மரங்களுக்குப் பின்னால் கொர்பூசியே

ஓவியர் பீட்டர் டாய்க் 1990களில் வரைந்த ‘கான்கிரீட் கேபின்’ ஓவிய வரிசையை இன்று மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்சில் பிரியே என்ற ஊரின் காட்டுக்குள் நவீன கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்த பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புதான் பொருள். ஆனால் டாய்க் நம்மை அதன் வாசல்வரை விடுவதே இல்லை. இருண்ட மரங்களுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறார்.

கட்டடத்தை முழுசாக வரைந்து, அப்புறம் மேலே மரங்களைப் போட்டிருந்தால் அது வெறும் காட்சிப்படம். இவர் கிளைகளின் சந்துகளில் தெரியும் துண்டுகளாகவே அதை எடுக்கிறார். அதனால் தூரத்தில் இருக்கவேண்டிய வெள்ளைச் சுவர் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கிறது. எது முன், எது பின் என்று கண் தடுமாறுகிறது. கட்டடக்கலை இதழ்களின் மழமழ புகைப்படங்களைவிட இதில்தான் அந்தக் கட்டடம் எனக்குப் பிடிபட்டது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, சரி.