1939 செப்டம்பர் 3: லண்டன் வானொலியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

பிரிட்டன் இரண்டாம் உலகப் போரில் இறங்கிய 1939 செப்டம்பர் 3-ஆம் தேதியன்று, அந்த நாட்டு மக்கள் வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்ததைப் போலவே, அன்றைய கடிகாரப்படி நானும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். பிரதமர் சேம்பர்லின் ஆற்றிய சில நிமிட உரையின் ஒலிப்பதிவு இன்று யாருக்கும் எளிதில் கிடைக்கும். ஆனால் அந்த உரைக்கு முன்னும் பின்னும் வானொலியில் என்ன ஒலித்தது, எதைக் கேட்டபடி அவ்வளவு பேர் காத்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் உரையை மட்டும் கேட்டால், அந்த நாள் நமக்குப் பிடிபடுவதில்லை.

முதல் வேலை நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பது. 'ரேடியோ டைம்ஸ்' வார இதழ் 1923 முதல் அச்சிட்ட பட்டியல்களைப் பிபிசி 2014-இல் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் வைத்துவிட்டதால், ஒரு முழுத்தாளில் மணிவாரியாகக் கட்டம் போட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைப் பார்த்து நிரப்பிவிட்டேன். இரண்டு மாலைகள் செலவழித்த பிறகுதான் என் தவறு தெரிந்தது. அந்த இதழ் போருக்கு முன்பே அச்சாகிவிட்டது. செப்டம்பர் 1-ஆம் தேதி ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்ததுமே பிபிசி தன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, தேசிய ஒலிபரப்பு, வட்டார ஒலிபரப்பு என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாக்கி 'ஹோம் சர்வீஸ்' என்ற ஒற்றைச் சேவையைத் தொடங்கிவிட்டது. நான் அழகாக எழுதி வைத்திருந்தது நடக்காமலே போன ஒரு நாளின் பட்டியல். செப்டம்பர் 4 என்று தேதியிட்டு அவசரமாக வெளியிட்ட துணை இதழையும், அக்காலத்தைப் பற்றிய வரலாற்று நூல்களையும் வைத்துக்கொண்டு புதிய தாளில் மறுபடி தொடங்கினேன். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் மையால் எழுதி, மற்றக் கட்டங்களைக் காலியாக விட்டேன்.

ஏன் ஒரே சேவை என்ற கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தது, அந்த நாளைப் பற்றி நான் கற்றவற்றிலேயே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ஒரு நகரத்தின் ஒலிபரப்புக் கோபுரம் தனக்கென ஓர் அலைவரிசையில் ஒலித்தால், எதிரியின் குண்டுவீச்சு விமானம் அதையே வழிகாட்டியாக வைத்து அந்த நகரத்தை அடைந்துவிட முடியும். எனவே பல ஊர்களின் நிலையங்களை ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பச் செய்தார்கள். விமானங்கள் நெருங்கினால் அருகிலுள்ள நிலையத்தை மட்டும் நிறுத்துவார்கள்; தொலைவிலுள்ளவை தொடரும். கேட்பவருக்கு ஒலி மங்குமே தவிர, நிகழ்ச்சி அறுபடாது.

கேட்பதற்கு, என் தந்தையார் விட்டுச்சென்ற மர்ஃபி வால்வு ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கினேன். பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இரண்டு மின்தேக்கிகளை மாற்றி, பின்புறத்தில் கிராமபோனுக்காக வைத்திருக்கும் துளை வழியாகக் கைபேசியின் ஒலியை உள்ளே செலுத்த வழி செய்து கொடுத்தார். "உள்ளே கை வைக்காதீங்க தம்பி, அணைச்ச பிறகும் கரண்ட் நிக்கும்" என்று மூன்று முறை எச்சரித்தார். திருகியவுடன் அந்தப் பெட்டி பேசுவதில்லை. முதலில் டயலில் மஞ்சள் வெளிச்சம், பிறகு சூடேறும் தூசியின் வாடை, அதன் பிறகு ஓர் உறுமல், அரை நிமிடம் கழித்தே குரல். அறிவிப்புக்காகப் பெட்டியை அணைக்காமல் அருகிலேயே இருங்கள் என்று அன்று சொன்னதன் அவசியம் அப்போதுதான் விளங்கியது.

கோடைக்காலமாதலால் அன்று பிரிட்டனின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. எனவே நம் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி வேறுபாடு அல்ல, நாலரைதான். காலை பத்து மணிக்கு, அதாவது எனக்குப் பிற்பகல் இரண்டரைக்கு, பதினொன்றேகாலுக்குப் பிரதமர் பேசுவார் என்ற அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட நேரத்தில் ஒலிபரப்பானவற்றில் ஒன்று, டின்களில் அடைத்த உணவை எப்படிச் சிக்கனமாகப் பயன்படுத்துவது என்ற பேச்சு. அதன் பதிவு என்னிடம் இல்லை; ஆகவே பெட்டியின் இரைச்சலைக் கேட்டபடியே அந்த எழுபத்தைந்து நிமிடங்களையும் கழித்தேன். அம்மா இருமுறை வந்து, "என்னப்பா, இன்னுமா பேச ஆரம்பிக்கல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று எத்தனை வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கும்! போர்க்கால வானொலியின் பெரும்பகுதி வேலை செய்தி சொல்வதல்ல, செய்திக்கும் செய்திக்கும் இடையே மக்களைக் கைவிடாமல் வைத்திருப்பதே என்று நான் நம்பத் தொடங்கியது அந்தக் காலிக் கட்டத்தில்தான்.

பதினொன்றேகாலுக்கு, டவுனிங் தெரு பத்தாம் எண் இல்லத்தில் வைக்கப்பட்ட ஒலிவாங்கியின் முன் எழுபது வயதுச் சேம்பர்லின் பேசினார். போலந்திலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக ஜெர்மனியிடமிருந்து உறுதிமொழி எதுவும் வரவில்லை, ஆகவே இந்த நாடு ஜெர்மனியுடன் போரில் இருக்கிறது என்று களைத்த குரலில் அவர் சொல்வதை முன்பே பலமுறை கேட்டிருந்தும், காத்திருந்து கேட்டபோது நெஞ்சு கனத்தது. ஆனால் என்னை உலுக்கியது அதைத் தொடர்ந்து வந்த அரசு அறிவிப்புகள். திரையரங்குகளும் நாடகக் கொட்டகைகளும் உடனே மூடப்பட வேண்டும். நச்சுவாயு முகமூடி எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் பெயரையும் முகவரியையும் ஏதோ ஒரு துண்டுக் காகிதத்தில் அல்லாமல், உறையிலோ பயணப்பெட்டிச் சீட்டிலோ தெளிவாக எழுதி உடன் வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் பிய்த்துவிடாதபடி அவர்களுடைய உடையில் தைத்துவிட வேண்டும். குழந்தையின் சட்டையில் பெயர் தைக்கச் சொல்வதன் பொருளை விளக்காமலே அறிவிப்பாளர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். சற்று நேரத்தில் லண்டனில் அபாயச் சங்கு ஊதியது. அது தவறான எச்சரிக்கை.

அதே நாளில் வைசிராய் லின்லித்கோ, இந்தியர் எவரையும் கலந்துகொள்ளாமல், இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அந்தக் கோபத்தில்தான் அக்டோபர் இறுதியில் சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது.

மாலை ஆறு மணிக்கு மன்னர் ஆறாம் ஜார்ஜ் பேசியபோது எங்கள் வீட்டில் இரவு பத்தரை. திக்குவாயோடு போராடிய அவர், ஒவ்வொரு சொற்றொடருக்குப் பின்னும் நிறுத்தி மூச்செடுப்பது மர்ஃபியின் ஒலிபெருக்கியில் அருகிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. அந்த முதல் நாட்களில் ஒலிபரப்பின் இடைவெளிகளை நிரப்பியவர் கனடாவில் பிறந்த ஆர்கன் கலைஞர் சாண்டி மெக்ஃபர்சன். ஒரே வாத்தியம் ஓயாமல் ஒலிப்பதாகப் புகார்க் கடிதங்களும் வந்தன. அந்நாளுக்குரிய பதிவு இல்லாததால், அவருடைய வேறொரு பழைய பதிவைப் போட்டேன். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அம்மா நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். ஆறு மணிக்குப் பிந்தைய கட்டங்களில் ஒன்றே ஒன்றில், மையால் அல்ல, பென்சிலால், 'ஆர்கன்' என்று எழுதிவிட்டுப் பெட்டியை அணைத்தேன்.