அண்டார்க்டிகா உருகினால் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்டுக்கு என்ன?

பனி உருகினால் உலகம் முழுக்கக் கடல் ஒரே அளவில் உயரும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. அண்டார்க்டிகாவின் பனி சில இடங்களில் 4 கிலோமீட்டருக்கும் மேல் தடிமன், அவ்வளவு நிறை இருப்பதால் அதன் ஈர்ப்பு விசையே சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும், நீர் விலகிப் போகும், அதனால் பனிக்குப் பக்கத்தில், சுமார் 2,000 கிலோமீட்டர் வரை, கடல்மட்டம் இறங்கவே செய்யும்! அந்த நீரெல்லாம் தூரத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்களிடம்தான் வருகிறது, அதுவும் உலகச் சராசரியைவிடக் கூடுதலாக. கிரீன்லாந்து உருகினாலும் இதே கதைதான்.

சிங்கப்பூர் நிலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லை. சரி, என்ன செய்கிறார்கள்? ஈஸ்ட் கோஸ்ட் கரைக்குக் கடல் அரணாக, அதை ஒட்டி சுமார் 800 ஹெக்டேர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்கும் 'லாங் ஐலண்ட்' திட்டத்தை 2023இல் அறிவித்தார்கள். எனக்கு இது அவசியமான வேலையாகவே படுகிறது. அப்புறம் மரினா பராஜ், அதாவது மரினா நீர்த்தேக்கத்தைக் கடலிலிருந்து பிரிக்கும் தடுப்பணை. கனமழையும் கடல்நீர் ஏறும் ஓத நேரமும் ஒன்றாக வந்தால் அங்கே மதகுகளைத் திறக்க முடியாது, பம்புகள்தான் மழைநீரைக் கடலுக்குத் தள்ளுகின்றன. கடல் உயர உயர அவற்றுக்கு வேலையும் கூடும்.