பிளான் அப்ரூவலுக்குக் காத்திருந்தப்ப ஏறின செலவு

வீடு கட்டப் போறவங்க எல்லாரும் சிமென்ட் என்ன விலை, கம்பி என்ன விலைன்னுதான் விசாரிக்கிறாங்க, பிளானுக்கு அப்ரூவல் கைக்கு வர்ற வரைக்கும் ஆகுற செலவைப் பத்தி யாரும் பேசுறதில்ல. எங்க பட்ஜெட்டை உலுக்குனது அதுதான்.

இடத்தை லோன் போட்டுத்தான் வாங்கினோம். பிளான் பாஸாச்சா இல்லையான்னு பேங்க் பாக்காது, முதல் மாசத்துல இருந்தே வட்டி ஓடும். வருஷத்துக்கு 9 சதவீதம்னு வச்சுக்கிட்டா மாசத்துக்கு முக்கால் சதவீதம், 8 மாசம் இழுத்தா கடன்ல 6 சதவீதம் ஒரு செங்கல் கூட வைக்காமலே போயிடுது. கூடவே இருக்கிற வீட்டுக்கு வாடகை வேற. கையில காசு வச்சிருக்கவங்க தாங்கிக்குவாங்க, மாச சம்பளத்துல இருக்கவங்களுக்கு இந்த ரெட்டைச் சுமைதான் கழுத்தைப் பிடிக்குது.

அப்ரூவலுக்கு மனு போட்டு ரொம்ப நாள் கழிச்சு ஆபீஸ்ல இருந்து வந்த முதல் குவெரி, மாடிப்படி திரும்புற இடத்துல இருக்கிற மேடை (லேண்டிங்), பக்கவாட்டுல காலியா விட வேண்டிய செட்பேக் இடத்துல நீட்டிக்கிட்டு இருக்குன்னு. நியாயமான கேள்விதான், பக்கத்து வீட்டுக்குக் காத்து வெளிச்சம் வேணும், தீ பிடிச்சா ஆள் போக வழி வேணும். இன்ஜினியர் படியை உள்ள தள்ளி டிராயிங் மாத்திக் குடுத்தாரு. ஃபைல் மறுபடி வரிசைக் கடைசிக்குப் போயிடுச்சு. அப்புறம் மழைத்தண்ணி எங்க வடியும்னு காட்டலன்னு ஒரு குவெரி, அது முடிஞ்சு அளவு ஸ்கெட்சுக்கும் பத்திரத்துக்கும் ஒத்துவரலன்னு ஒண்ணு. மூணுமே முதல் நாளே அந்த பேப்பர்ல இருந்த விஷயங்க, ஒரே கடிதத்துல கேட்டிருந்தா ஒரே தடவையில முடிஞ்சிருக்கும். இதை நெனச்சா இப்பவும் மனசு ஆறல.

இதுக்குள்ள கான்ட்ராக்டர் குடுத்த கொட்டேஷன் காலாவதி ஆயிடுச்சு, புது ரேட்ல கம்பியும் கூலியும் ஏறிடுச்சு. அவரைக் குறை சொல்ல முடியாது, எத்தனை மாசம் பழைய விலையைப் பிடிச்சு வைப்பாரு?

கடைசியில வேலைக்கு ஆனது ஒண்ணுதான். மிச்சம் என்னென்ன ஆட்சேபணை இருக்கோ எல்லாத்தையும் ஒரே தடவையில எழுத்துல குடுங்கன்னு மனு எழுதி, ரசீது வாங்கிக்கிட்டு, இன்ஜினியரையே நேர்ல உக்கார வச்சு ஒவ்வொரு ஷீட்டா சரி பாக்க வச்சோம். அதுக்கப்புறம் ஃபைல் நிக்கல.

ஃபிளாட் வாங்குறவங்களுக்கும் இது பொருந்தும், பில்டர் காத்திருந்த வட்டி கடைசியில சதுர அடி விலைலதான் ஏறி உக்காருது, சின்ன பில்டர்னா தாக்குப் பிடிக்காம ஒதுங்கிடுறாரு. ஜப்பான்ல 1998-ல சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் வாங்குன தனியார் அமைப்புகளும் பிளானைச் சரிபார்க்கலாம்னு கொண்டு வந்தாங்க. 2005-ல கட்டடம் தாங்குமான்னு பாக்குற ஸ்ட்ரக்சுரல் கணக்கையே போலியா போட்ட மோசடி வெளிய வந்து, 2007-ல விதிகளை இறுக்குனதும் அப்ரூவல் தாமதமாகி புது வீடு கட்டுறதே சட்டுனு சரிஞ்சுது. அதனால சரிபார்ப்பு வேண்டாம்னு நான் சொல்லல, கட்டாயம் வேணும், ஆனா இத்தனை நாளுக்குள்ள முடிக்கணும்னு ஒரு கெடு இருக்கணும்.

இப்ப ஆரம்பிக்கிறவங்க கட்டட லோனைத் தவணையா எடுங்க, அப்ரூவல் வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறப்போ முதல் தவணை வாங்குனா போதும், எடுக்காத பணத்துக்கு வட்டி ஓடாது. பேங்க் குடுக்கிற லோன் சேங்ஷன் லெட்டருக்கும் காலக்கெடு உண்டு, அதை நீட்டிக்க என்ன ஃபீஸ்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.